யுகே சேமிப்பு: வட்டி இறங்கும் நேரத்தில் நோட்டீஸ் கணக்கு யாருக்கு, எப்படி?

யுகேவுக்கு வந்து ஒரு வருஷம் ஆன பிறகும், சம்பளம் விழும் கரண்ட் அக்கவுண்டிலேயே பத்துப் பதினைந்தாயிரம் பவுண்டைப் போட்டு வைத்திருப்பவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். கேட்டால் "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்பார்கள். அவசரத்துக்கு மூன்று மாதச் செலவு கையில் இருந்தால் போதும். மீதிப் பணத்துக்கு அங்கே பெரும்பாலும் ஒரு பென்னி வட்டி கிடையாது.

இப்போது பலர் கேட்பது, "வட்டிதான் இறங்கிக்கொண்டே போகிறதே, இனிமேல் மாற்றி என்ன பிரயோஜனம்?" என்று. இறங்குவது உண்மை. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதத்துக்கு ஏற்றிய அடிப்படை வட்டியை 2024 ஆகஸ்டிலிருந்து கால் கால் சதவீதமாக ஆறு முறை குறைத்து, 2025 டிசம்பரில் 3.75-க்குக் கொண்டுவந்தது. எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய ஈசி ஆக்சஸ் கணக்குகளின் வட்டி ஒவ்வொரு முறையும் கூடவே சரிந்தது. இந்த இறக்கத்தில்தான் நோட்டீஸ் கணக்குக்கு ஒரு தனி உபயோகம் இருக்கிறது. நம்மில் அதிகம் பேர் அதைக் கவனிப்பதில்லை.

நோட்டீஸ் கணக்கு என்றால், பணம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்ன நாள் கழித்து எடுப்பது. 30 நாள், 60, 90, 95, 120, 180 என்று விதவிதமாக இருக்கும். ஊரில் எஃப்டி போட்டுப் பழகியவர்கள் இதையும் எஃப்டி என்றே நினைத்துவிடுகிறார்கள். இல்லை. எஃப்டியில் வட்டி போட்ட அன்றே நிலைத்துவிடும், முதிர்வுத் தேதி இருக்கும். நோட்டீஸ் கணக்குக்கு முதிர்வுத் தேதி கிடையாது, வட்டியும் மாறும். நீங்கள் சொல்லும் வரை பணம் உள்ளேயே கிடக்கும்.

மாறும் வட்டி என்றால் இறங்கும்போது நஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் நோட்டீஸ் இரண்டு பக்கமும் வெட்டும். வட்டியைக் குறைக்கும் முன் வாடிக்கையாளருக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ எதிர்பார்க்கிறது. நீங்கள் வெளியேறவே 95 நாள் ஆகும் என்றால், பேங்க் நாளைக்கே வட்டியைக் குறைத்துவிட்டு உங்களை உள்ளே பிடித்து வைப்பது நியாயமில்லை அல்லவா? அதனால் பல பேங்குகளின் நிபந்தனைகளில், "நோட்டீஸ் காலம், அதோடு 14 நாள்" முன்னறிவிப்பு தருவோம் என்று எழுதியிருப்பார்கள்.

தேதி போட்டுப் பார்த்தால் தெளிவாகும். 95 நாள் கணக்கு. செப்டம்பர் 1 அன்று "உங்கள் வட்டி குறைகிறது" என்று மெயில் வருகிறது. 95-உம் 14-உம் சேர்த்து 109 நாள், அதாவது டிசம்பர் 19 வரை பழைய வட்டியே ஓடும். செப்டம்பர் 15-க்குள் நோட்டீஸ் கொடுத்தால் டிசம்பர் 19 அன்று பணம் கரண்ட் அக்கவுண்டுக்கு வந்துவிடும். குறைந்த வட்டியில் ஒரு நாள்கூட இருக்க வேண்டியதில்லை. அந்த 14 நாளைத் தவறவிட்டால், விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் குறைந்த வட்டி. ஈசி ஆக்சஸ் வைத்திருப்பவருக்கு இந்த மூன்றரை மாத நிழல் கிடையாது.

ஆக, வட்டி இறங்கும் காலத்தில் உங்களுக்குத் தாங்கக்கூடிய அளவில் நீளமான நோட்டீஸை எடுங்கள் என்பதுதான் என் கட்சி. வட்டி ஏறும் காலத்தில் இதையே தலைகீழாகச் சொல்வேன்.

கணக்குத் திறப்பதற்கு முன் நிபந்தனைத் தாளில் மூன்று இடத்தைத் தேடிப் படியுங்கள். விளம்பரப் பக்கத்தில் இருக்காது, சுருக்கப் பெட்டி என்று ஒன்று போடுவார்களே, அதிலோ அதற்குக் கீழே உள்ள பிடிஎஃபிலோ இருக்கும். வட்டியைக் குறைக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது முதலாவது. வட்டி பேங்க் ஆஃப் இங்கிலாந்து விகிதத்தோடு கட்டப்பட்டதா என்பது அடுத்தது. டிராக்கர் என்று போட்டிருந்தால் அடிப்படை வட்டி குறையும்போது இதுவும் தானாகக் குறையும், மேலே சொன்ன நிழல் கிடைக்காது. கொடுத்த நோட்டீஸை ரத்து செய்ய முடியுமா என்பதையும் பாருங்கள். இது முடியும் என்றால் உங்கள் கை ஓங்கியது: குறைப்பு மெயில் வந்த அன்றே யோசிக்காமல் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் மற்ற பேங்குகளும் அதே அளவுக்கு இறங்கிவிட்டால் ரத்து செய்துவிட்டு அங்கேயே இருந்துவிடலாம்.

அந்த மெயில் ஸ்பாமில் போய் விழும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பேங்கின் முகவரியை கான்டாக்டில் சேர்த்து வையுங்கள்.

இன்னொரு விஷயம். சிறு பேங்குகள் ஒரே கணக்கை "இஷ்யூ 12", "இஷ்யூ 13" என்று எண் போட்டு வெளியிடும். புதியவரை இழுக்க ஒன்றில் நல்ல வட்டி கொடுத்துவிட்டு, பழைய எண்ணில் இருப்பவர்களைச் சத்தமில்லாமல் கீழே விட்டுவிடும். மாதம் ஒரு முறை மணிஃபேக்ட்ஸ், மணிசேவிங் எக்ஸ்பர்ட் மாதிரித் தளங்களில் ஏஇஆர் (ஆண்டு வட்டி விகிதம்) வரிசையைப் பாருங்கள். உங்கள் பேங்கே உங்களைவிடப் புதியவருக்கு அதிகம் கொடுத்தால், நோட்டீஸ் கொடுத்து மாற வேண்டியதுதான். விசுவாசத்துக்கு இங்கே யாரும் காசு தருவதில்லை.

லாபம் எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இருபதாயிரம் பவுண்டுக்கு 1.5 சதவீதத்தில் ஆண்டுக்கு 300 பவுண்ட், 4 சதவீதத்தில் 800. இது பெரிய வித்தியாசம். ஆனால் நல்ல ஈசி ஆக்சஸ் கணக்குக்கும் நல்ல நோட்டீஸ் கணக்குக்கும் நடுவில் பெரும்பாலும் கால் சதவீதத்துக்குள்தான் இடைவெளி. இருபதாயிரத்துக்கு 50 பவுண்ட். அடிப்படை வட்டி கால் சதவீதம் இறங்கும்போது 109 நாள் நிழலால் மிச்சமாவது சுமார் 15 பவுண்ட். கையில் மூவாயிரம் பவுண்டுதான் இருக்கிறது என்றால் இந்தப் பாடு வேண்டாம், நல்ல ஈசி ஆக்சஸ் ஒன்றில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

எந்தப் பணம் இதற்குப் பொருத்தம்? செலவாகப்போகும் தேதி தெரிந்த பணம். புதிதாக வந்தவர்களுக்கு அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், அதுதான் விசா நீட்டிப்பு. விசாவோடு கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணமான ஹெல்த் சர்சார்ஜ் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், பிள்ளைக்கு 776. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று வருட நீட்டிப்பு என்றால் சர்சார்ஜ் மட்டும் 10,866 பவுண்ட், அதுவும் விண்ணப்பிக்கும்போதே மொத்தமாக. விண்ணப்பக் கட்டணம் தனி. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான ஐஎல்ஆர் கட்டணம் 2025 ஏப்ரலிலேயே தலைக்கு 3,029 ஆகிவிட்டது. கம்பெனி இதையெல்லாம் கட்டும் என்று நம்பி இருக்காதீர்கள், குடும்பத்துக்குப் பல கம்பெனிகள் கட்டுவதில்லை. விசா முடியும் தேதி உங்கள் கையில் இருக்கிறது. அதிலிருந்து ஐந்து மாதம் பின்னால் எண்ணி, "நோட்டீஸ் கொடு" என்று போன் காலண்டரில் போட்டுவிடுங்கள். வீடு வாங்க டெபாசிட் சேர்ப்பவர்களுக்கும், பிள்ளையோடு ஊருக்குப் போக டிக்கெட் காசு சேர்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

ஆனால் விசாவில் ஒரு குழி உண்டு. ஸ்டூடன்ட் அல்லது ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு "28 நாள் பணம் இருந்தது" என்று காட்ட வேண்டியவர்கள் அந்தப் பணத்தை நோட்டீஸ் கணக்கில் வைக்காதீர்கள். உடனே எடுக்கக்கூடிய கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்பது விதி. 95 நாள் கழித்து வரும் பணம் அதில் சேராது. கட்டணம் கட்டுவதற்கான பணம் வேறு, கணக்குக் காட்டுவதற்கான பணம் வேறு.

ஒரு வருடத்துக்குத் தொடவே மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த பணத்துக்கு நோட்டீஸ் கணக்கைவிட ஃபிக்ஸட் ரேட் பாண்ட் மேல். வட்டி இன்னும் இறங்கும் என்று நினைத்தால் இன்றைய வட்டியை ஒரு வருடத்துக்குப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் நடுவில் பெரும்பாலும் எடுக்கவே முடியாது. ஊரில் எஃப்டியை உடைப்பது போல அபராதம் கட்டி உடைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அப்பா அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அடுத்த விமானம் ஏறும் ஆட்கள் நாம். அதனால் மொத்தத்தையும் பூட்டாதீர்கள்.

"பேர் தெரியாத பேங்காக இருக்கிறதே, ஓடிவிட்டால்?" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நல்ல நோட்டீஸ் வட்டி தருவது பெரும்பாலும் ஆல்டர்மோர், ஷாபுரூக், ஓக்நார்த் மாதிரி ஹைஸ்ட்ரீட்டில் கிளை இல்லாத பேங்குகள்தான். பேங்க் திவாலானால் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் எஃப்எஸ்சிஎஸ் பாதுகாப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2025 டிசம்பர் 1 முதல் ஒரு ஆளுக்கு, ஒரு பேங்க் உரிமத்துக்கு, 1,20,000 பவுண்ட் வரை பாதுகாப்பு. முன்பு 85,000 ஆக இருந்தது. எண்ணப்படுவது உரிமம், பெயர்ப்பலகை அல்ல: ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே உரிமம். எஸ்பிஐ யுகே, ஐசிஐசிஐ யுகே இரண்டும் இங்கே தனி நிறுவனமாகப் பதிவானவை, அவற்றுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் பிடிக்கிற சீட்டுக்கு இது கிடையாது. சீட்டு பிடிப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

வரி. பேங்க் வட்டியைப் பிடித்தம் இல்லாமல் முழுதாகத் தரும், ஊர் மாதிரி டிடிஎஸ் இல்லை. வட்டிக் கணக்கு வரித்துறையான எச்எம்ஆர்சிக்குப் போய்விடும். அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்ட் வட்டி வரை வரி இல்லை. வருமானம் 50,270-ஐத் தாண்டி 40 சதவீத அடுக்கில் இருந்தால் 500 மட்டும். ஐடியில் இருக்கும் பலர் இரண்டாவது வகை. நான்கு சதவீதத்தில் பன்னிரண்டரை ஆயிரம் பவுண்ட் போட்டாலே அந்த 500 தீர்ந்துவிடும். அதற்கு மேல் நோட்டீஸ் கேஷ் ஐசா என்ற சேமிப்புக் கணக்கைப் பாருங்கள், ஆண்டுக்கு 20,000 வரை போடலாம், வட்டிக்கு வரியே இல்லை. 2027 ஏப்ரலிலிருந்து 65 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேஷ் ஐசாவில் 12,000 மட்டுமே போட முடியும், ஐசாவுக்கு வெளியே உள்ள வட்டிக்கு வரியும் இரண்டு சதவீதப் புள்ளி ஏறுகிறது.

துணைவர் டிபென்டன்ட் விசாவில் வந்து இன்னும் வேலைக்குப் போகவில்லையா? அவர் பெயரில் திறங்கள். வேறு வருமானமே இல்லாதவருக்கு 18,570 பவுண்ட் வட்டி வரை வரி கிடையாது. நம் வீடுகளில் பணமெல்லாம் கணவர் பெயரிலேயே கிடக்கும் பழக்கத்துக்கு இங்கே நேரடியாக விலை உண்டு.

"இதெல்லாம் எதற்கு, ஊர் பேங்கின் என்ஆர்ஈ (வெளிநாடுவாழ் இந்தியர்) டெபாசிட்டில் வட்டி அதிகம், வரியும் இல்லையே?" இந்தியாவில் வரி இல்லை. யுகேயில் நீங்கள் வரிவாசி (வரிக் கணக்கில் இங்கே வசிப்பவர்) என்றால் இங்கே அது வருமானம், காட்டியாக வேண்டும். முந்தைய பத்து வரி ஆண்டுகள் இங்கே வரிவாசியாக இல்லாமல் புதிதாக வந்தவர்கள் முதல் நான்கு ஆண்டுகளுக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்குக் கேட்கலாம், 2025 ஏப்ரலில் வந்த ஏற்பாடு. ஆனால் கேட்டால் பர்சனல் அலவன்ஸ் (எல்லாருக்கும் உள்ள வரியில்லா வருமான வரம்பு) போய்விடும், சின்ன வட்டிக்காகக் கேட்பது கட்டுப்படியாகாது. ரூபாயையும் பாருங்கள்: 2023 தொடக்கத்தில் பவுண்டுக்குச் சுமார் 100, 2025 கடைசியில் 115-ஐத் தாண்டிவிட்டது. ஊரிலேயே செலவாகப்போகும் பணம் என்றால் என்ஆர்ஈ சரி. இங்கே விசாவுக்கும் வீட்டுக்கும் வேண்டிய பணத்தை ரூபாயாக்கித் திரும்பப் பவுண்டாக்கினால், கூடுதல் வட்டியை மாற்று விகிதம் தின்றுவிடும்.

கணக்குத் திறக்கும்போது நமக்கு வரும் தடங்கல் பெரும்பாலும் பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கும், கரண்ட் அக்கவுண்டில் இனிஷியலாக இருக்கும், பில்லில் முன்பின் மாறியிருக்கும். நோட்டீஸ் கணக்குப் பணம் நீங்கள் பதிந்த ஒரே ஒரு கரண்ட் அக்கவுண்டுக்குத்தான் திரும்பப் போகும். இரண்டிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் சரிபார்ப்பில் தட்டி, "பாஸ்போர்ட் நகல் அனுப்பு" என்று இழுத்தடிப்பார்கள். முதலில் கரண்ட் அக்கவுண்டில் பெயரைப் பாஸ்போர்ட் மாதிரியே திருத்திக்கொள்ளுங்கள். கூடவே வாக்காளர் பட்டியலில் பதியுங்கள். இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் விசாவில் இருக்கும்போதே பதியலாம், இது பலருக்குத் தெரியாது. ஆன்லைன் அடையாளச் சரிபார்ப்பு பெரும்பாலும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கும்.

கடைசியாக, ஊருக்கே திரும்பப் போகிறவர்களுக்கு: டிக்கெட் போடும் முன்னால் நோட்டீஸ் கொடுங்கள். பணம் வந்து சேரும் வரை கரண்ட் அக்கவுண்டை மூடாதீர்கள், யுகே போன் நம்பரையும் விடாதீர்கள். பணத்தை எடுக்க வரும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும்.