டிக் டிக் சத்தமும் ஏழு 3842-உம்: சிப்பு மேல பழி போட்டு ஏமாந்தவங்க கதைய சொல்லுங்க

ஒரு 24 வோல்ட் பவர் சப்ளை போர்டு மூணு நாளா என்னைத் தூங்க விடல, கொட்டித் தீர்த்தா மனசு லேசாகும்னு எழுதுறேன், நீங்களும் உங்க கதைய போடுங்க. பழைய டைப் தான். ஏசிய டிசி ஆக்குற பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர், நடுவுல யூசி3842ன்னு சப்ளைய ஓட்டுற கன்ட்ரோல் ஐசி, அது சொல்றபடி ஆன் ஆஃப் ஆகுற ஸ்விட்சா ஒரு மாஸ்ஃபெட், ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர். ஃபியூஸ் போகல, மாஸ்ஃபெட் ஷார்ட் இல்ல, பெரிய கெப்பாசிட்டர்ல 320 வோல்ட் சொச்சம் ஜம்முனு நிக்குது. ஆனா அவுட்புட் மட்டும் வரல. காதை கிட்ட கொண்டு போனா டிக்டிக்டிக்டிக்னு பல்லி சொல்ற மாதிரி ஒரு சத்தம்.

நான் என்ன பண்ணேன், யோசிக்காம ஐசிய மாத்தினேன். அதே பல்லி. சரி வாங்கின ஐசி சரியில்லைன்னு இன்னொன்னு, அப்புறம் வேற கடையில இன்னொன்னு, இப்படியே பழைய டப்பாவுல கிடந்ததையும் சேர்த்து மொத்தம் ஏழு. ஏழாவது போடும்போது பேட் ட்ராக்கே உரிஞ்சு வந்துடுச்சு, அப்ப தான் புத்தி வந்து ஐசிக்கு சப்ளை வர்ற 7ம் பின்ல மீட்டர் வெச்சேன். 11, 14, 12ன்னு முள்ளு இல்லாத மீட்டர்லயே நம்பர் டான்ஸ் ஆடுது. 7ம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல இருக்குற 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர கழட்டிப் பார்த்தா 9 தான் காட்டுது. புதுசு போட்டேன், போட்டதும் 24 வோல்ட் வந்து நின்னுடுச்சு.

கணக்கு போட்டுப் பார்த்தா வெக்கமா இருக்கு. 3842 எழுந்திரிக்க 16 வோல்ட் வேணும், 10க்குக் கீழ போனா தூங்கிடும். எழுந்ததும் டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்குற ஆக்ஸிலரி வைண்டிங் கரண்ட் குடுக்க ஆரம்பிக்கிற வரைக்கும் அந்த 6 வோல்ட் இடைவெளியில கெப்பாசிட்டர் தான் ஐசிக்கு சோறு போடணும். ஐசியும் கேட் டிரைவும் சேர்த்து 15 மில்லி ஆம்ப் இழுக்குதுன்னு வெச்சா 47 மைக்ரோ 19 மில்லி செகண்ட் தாங்கும், 9 மைக்ரோ 4 மில்லி செகண்ட் கூட தாங்காது. ஐசி பாவம் எழுந்து எழுந்து விழுந்திருக்கு, நான் அது மேலயே பழி போட்டிருக்கேன். அந்த கெப்பாசிட்டர ஹீட் சிங்க்க ஒட்டியே வெச்சு டிசைன் பண்ண மகராசன் யாரோ, நல்லா இருக்கட்டும்.

*

தம்பி, ஏழுக்கே இவ்வளவு வருத்தமா, நான் போட்ட கணக்கு வெளிய சொன்னா மானம் போயிடும். பல்லி சத்தத்துலயே பாதி விஷயம் இருக்கு, கேட்டு பழகிக்கோங்க. வேகமா கடகடன்னு அடிச்சா அந்த சின்ன கெப்பாசிட்டர் காஞ்சு போச்சுன்னு அர்த்தம், ஏன்னா சின்ன டம்ளர் சீக்கிரம் நிரம்பி சீக்கிரம் காலியாகும். செகண்டுக்கு ரெண்டு மூணுன்னு நிதானமா டிக்... டிக்...னு வந்தா கெப்பாசிட்டர் நல்லா தான் இருக்கும், செகண்டரி பக்கம், அதாவது அவுட்புட் பக்கம், டையோடு ஷார்ட் ஆகியிருக்கும், இல்ல ஆக்ஸிலரி வைண்டிங்ல வர்ற சின்ன டையோடு போயிருக்கும். சத்தமே இல்லாம செத்த மாதிரி இருந்தா ஐசிக்கு முதல் கரண்ட் குடுக்குற ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர பாருங்க, வெளிய பார்க்க புதுப் பொண்ணு மாதிரி இருக்கும், அளந்தா ஓபன். நூறு சதவீதம் இப்படியே தான்னு சொல்லல, ஆனா எனக்கு பெரும்பாலும் பொய்யாகல.

என் கதை வேற. மாஸ்ஃபெட் வெடிச்ச போர்டு. மாஸ்ஃபெட்டும் ஃபியூஸும் மட்டும் மாத்திட்டு நேரா கரண்ட் குடுத்தேன், டமார். மறுபடி மாத்தினேன், மறுபடி டமார். மூணாவது தடவை தான் உட்கார்ந்து யோசிச்சேன். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும்போது அதோட சோர்ஸ் கால்ல கரண்ட அளக்க இருக்குற 0.33 ஓம் சென்ஸ் ரெசிஸ்டர் எரிஞ்சு ஓபன் ஆகுது, அந்த ஒரு நொடியில மேல இருக்குற 300 வோல்ட் அப்படியே 1 கே ரெசிஸ்டர் வழியா ஐசியோட 3ம் பின்னுக்குள்ள பாயுது, இன்னொரு பக்கம் கேட் ரெசிஸ்டர் வழியா மாஸ்ஃபெட்ட ஓட்டுற 6ம் பின்னுக்கும் பாயுது. அதனால மாஸ்ஃபெட், ஐசி, சென்ஸ் ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், அந்த 1 கே எல்லாத்தையும் ஒரே குடும்பமா நினைச்சு ஒண்ணா மாத்தணும், ஒண்ணை விட்டா மத்ததையும் கூட்டிட்டுப் போயிடும்.

சரி எல்லாம் மாத்தியாச்சு, அதுலயும் ஒரு கோமாளித்தனம் பண்ணேன். 0.33 கையில இல்லைன்னு ஒரு வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் போட்டேன், ஓம் சரி, வாட் இன்னும் அதிகம், ரொம்ப சந்தோஷம். சப்ளை வருது, கொஞ்சம் லோடு குடுத்தா உடனே படுத்துடுது. ரெண்டு நாள் அவுட்புட் வோல்ட்ட கவனிக்கிற ஆப்டோ, டிஎல்431ன்னு சுத்தி சுத்தி வந்தேன், 3842 டூப்ளிகேட்டுன்னும் திட்டினேன். கடைசியில பார்த்தா சிமெண்ட் ரெசிஸ்டர் உள்ள கம்பி சுருட்டி தான இருக்கு, அது ஒரு குட்டி காயில். மாஸ்ஃபெட் ஆன் ஆகுற நேரத்துல அதுல எகிறுற ஊசி 1 வோல்ட்ட தாண்டிடுது, 3ம் பின்ல 1 வோல்ட் வந்தா ஐசி அந்த பல்ஸ அங்கயே வெட்டிடும், அது தான அதோட தொழில். 3 ஆம்ப் வரைக்கும் விட வேண்டியது ஆரம்பத்துலயே வெட்டிட்டு இருந்திருக்கு. 1 ஓம் மெட்டல் ஃபிலிம் மூணை பேரலல்ல போட்டேன், எல்லாம் அடங்கிடுச்சு. 3842ல அந்த ஆரம்ப ஊசிய கண்டுக்காம விடுற ஏற்பாடு உள்ள கிடையாது, இப்ப வர்ற ஆறு கால் குட்டி ஐசிங்கள்ல நிறைய அது உள்ளயே இருக்கு. இதுல 1 கேயும் 470 பைக்கோவும் சேர்ந்த அந்த சின்ன ஃபில்டர் தான் காவல்காரன், அதை தேவையில்லைன்னு கழட்டுறவங்களையும் பார்த்திருக்கேன்.

*

சார் என்னோடது ரிப்பேர் இல்ல, நானே பண்ணது. 12 வோல்ட்ட 36 வோல்ட்டா ஏத்துற பூஸ்ட் கன்வெர்ட்டர். சர்க்யூட்ல 3843 போட்டிருந்துச்சு, கடையில 3842 தான் இருக்கு ரெண்டும் ஒண்ணு தான் ஒரு நம்பர் தான வித்தியாசம்னு குடுத்தாங்க, நானும் நம்பி வாங்கிட்டு வந்து ஒரு வாரம் அதோட மல்லுக்கட்டினேன், உயிரே வரல. அப்புறம் 3845 கிடைச்சுது, அது உயிர் வந்துச்சு, ஆனா 24 வோல்ட்டுக்கு மேல ஏறவே மாட்டேன்னு அடம், காயில் வேற கொதிக்குது. இப்ப தான் ஒரிஜினலா 3843 ஆர்டர் போட்டிருக்கேன். நடந்தது என்னன்னு யாராவது சொல்லுங்களேன்.

*

ஒரு நம்பர் தான வித்தியாசம்னு சொன்ன அந்த வாய்க்கு சர்க்கரை போடணும். நாலு தம்பிங்க இருக்காங்க, முகம் ஒண்ணு, குணம் வேற. கடைசி எண் ரெட்டைன்னா, அதாவது 42ம் 44ம், 16 வோல்ட்ல எழுந்து 10ல தூங்கும், லைன்ல இருந்து நேரா ஓடுற சப்ளைக்கு. ஒத்தைன்னா, 43ம் 45ம், 8.4ல எழுந்து 7.6ல தூங்கும், பேட்டரி மாதிரி கம்மி வோல்ட்டுக்கு. உங்க 12 வோல்ட்ல 3842 எப்படி எழும், 16 கேக்குதே. அடுத்து 42, 43 ரெண்டும் டியூட்டி, அதாவது ஒரு சைக்கிள்ல ஸ்விட்ச் ஆன்ல இருக்குற பங்கு, கிட்டத்தட்ட 100 சதவீதம் வரைக்கும் போகும், 44, 45 ரெண்டும் 50ஐ தாண்டாது, உள்ள ஒரு ஃபிளிப் ஃபிளாப் உட்கார்ந்து ஒண்ணு விட்டு ஒரு கிளாக்க முழுங்கிடும். 12ஐ 36 ஆக்க 67 சதவீதம் டியூட்டி வேணும், 50ல 24 தான் வரும், நீங்க பார்த்தது அச்சு அசல் அது தான். பாதி கிளாக் முழுங்குறதால ஃப்ரீக்வென்ஸியும் பாதியாகிடும், காயில்ல கரண்ட் ஏறி இறங்குறது ஒன்றரை மடங்கு ஆகும், கொதிக்காம என்ன பண்ணும்.

இதுல இன்னொரு கூத்து, முதுகுல ஒரு நம்பரும் உள்ள வேற ஆளும் இருக்குற ஐசிங்க. மேல இருக்குற எழுத்த சுரண்டி வேற பிரிண்ட் போட்டு வருது. நான் இப்ப எந்த 384 குடும்பமா இருந்தாலும் போர்டுல ஏத்துறதுக்கு முன்னாடி பிரெட்போர்டுல ஒரு நிமிஷம் விசாரிச்சுடுவேன். 8ம் பின்ல இருந்து 4ம் பின்னுக்கு 10 கே, 4ல இருந்து கிரவுண்டுக்கு 3.3 நானோ, 8ல இருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ. 2ம் 3ம் கிரவுண்டுல, 1 சும்மா. 5 கிரவுண்டு, 7ல பெஞ்ச் சப்ளை, கரண்ட் லிமிட் 30 மில்லி ஆம்ப்ல வெச்சுக்கோங்க, ஏன்னா உள்ள 34 வோல்ட் கிட்ட ஒரு ஜீனர் இருக்கு, கை தவறி ஏத்திட்டா அது புகைஞ்சிடும். மீட்டர 8ம் பின்ல வெச்சு சப்ளைய பூஜ்யத்துல இருந்து மெதுவா ஏத்துங்க. 8.4ல பட்டுன்னு 5 வோல்ட் வந்தா ஒத்தை, 16ல வந்தா ரெட்டை. இறக்கும்போது எங்க போகுதுன்னும் பாருங்க. அப்புறம் 17 வோல்ட்ல நிறுத்திட்டு 6ம் பின்ல டிசி அளங்க, 14 பக்கம் காட்டினா முழு டியூட்டி ஆளு, 7 பக்கம்னா 50 ஆளு. அலைய படமா காட்டுற ஸ்கோப் கூட வேணாம். இருந்தா 4ம் பின்ல 52 கிலோ ஹெர்ட்ஸ் ரம்பப் பல்லு மாதிரி அழகா தெரியும், கணக்கு 1.72ஐ ஆரும் சியும் பெருக்கினதால வகுக்குறது தான்.

இந்த டெஸ்ட்ட போர்டுலயே கூட பண்ணலாம், லைன் பிளக்க பிடுங்கிட்டு, பெரிய கெப்பாசிட்டர ஒரு ரெசிஸ்டர் வெச்சு காலி பண்ணிட்டு, 7க்கும் 5க்கும் வெளியில இருந்து 17 குடுத்தா போதும். 325 வோல்ட்ட கிட்டக்கவே விடாம ஐசி உயிரோட இருக்கான்னு தெரிஞ்சிடும்.

*

சின்ன தகவல், இந்த சிப்ப முதல்ல கொண்டு வந்தது யூனிட்ரோட், 1999ல டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அவங்கள வாங்கிடுச்சு. யூசி அவங்க வெச்ச பேரு, மத்த கம்பெனிங்க கேஏ3842ன்னும் வேற முன்னெழுத்துலயும் போடுறாங்க, எழுத்து மாறினாலும் கடைசி நம்பரோட குணம் மாறாது. புதுசுல யூசிசி38சி42ன்னு ஒண்ணு இருக்கு, ஸ்டார்ட்டப் கரண்ட் மைக்ரோ ஆம்ப் கணக்குல தான், ஆனா அதுக்கு 20 வோல்ட் தான் உச்சம், பழைய போர்டுல கண்ண மூடிட்டு மாட்டிடாதீங்க.

*

பூஸ்ட் போட்ட ஆளு தான் திரும்ப வந்திருக்கேன். 3843 வந்துச்சு, பிரெட்போர்டுல விசாரிச்சேன், 8.4ல 5 வோல்ட் பட்டுன்னு வந்துச்சு, பார்க்கவே அவ்வளவு திருப்தி. போர்டுல போட்டேன், 36 வந்துடுச்சு. ஆனா லோடு ஏத்தினா காயில் பாட்டு பாடுது, ங்ஙிய்ய்ய்னு. ஸ்கோப்ல பார்த்தா 6ம் பின்ல ஒரு பல்ஸ் குண்டு, ஒரு பல்ஸ் ஒல்லி, மாறி மாறி. இதுவும் டூப்ளிகேட்டா??

*

இல்ல இல்ல, அந்த ஐசிய ஏழோட எட்டா குப்பையில போட்டுடாதீங்க. இது கரண்ட் மோட்ல கூடவே பொறந்த வியாதி. கிளாக் வந்து ஆன் பண்ணுது, காயில் கரண்ட் ஒரு உச்சத்த தொட்டதும் கம்பரேட்டர் ஆஃப் பண்ணுது, அவ்வளவு தான் இதோட மொத்த புத்தியும். கரண்ட் காயில்ல விடாம ஓடிட்டு இருந்து டியூட்டியும் 50ஐ தாண்டினா, ஒரு சைக்கிள்ல வந்த சின்ன பிசகு அடுத்த சைக்கிள்ல தலைகீழா இன்னும் பெருசாகும். உங்களுக்கு 67, ஏற்ற சரிவு 1ன்னா இறக்க சரிவு 2, அப்ப ஒவ்வொரு சைக்கிளுக்கும் பிசகு இரட்டிக்குது. அதான் குண்டு ஒல்லி குண்டு ஒல்லி. கிளாக்ல பாதி ஃப்ரீக்வென்ஸியில ஆடுது, லோடுக்கு ஏத்த மாதிரி அதுவும் தடுமாறும்போது நம்ம காதுக்கு விழுது.

மருந்து ஸ்லோப் காம்பென்சேஷன். ஒரு சாதா என்பிஎன் டிரான்சிஸ்டர், கலெக்டர் 8ம் பின்ல, பேஸ் 4ம் பின்ல, எமிட்டர்ல இருந்து ஒரு ரெசிஸ்டர் வழியா 3ம் பின்னுக்கு. ரம்பத்த கொஞ்சம் கடன் வாங்கி கரண்ட் சிக்னல் மேல ஏத்துறோம். 4ம் பின்ல இருந்து நேரா ரெசிஸ்டர் போட்டு இழுக்காதீங்க, ஆஸிலேட்டரே இடம் மாறிடும், நான் அப்படி பண்ணி தலைய பிச்சுக்கிட்டேன். 3ம் பின்னுல 1 கே ஃபில்டர் இருக்குன்னா எமிட்டர் ரெசிஸ்டர 22 கேல ஆரம்பிச்சு இறக்கிட்டே வாங்க, பல்ஸ் எல்லாம் ஒரே அகலத்துக்கு வர்ற இடத்துல இன்னும் கொஞ்சம் இறக்கி நிறுத்துங்க. ஒண்ணு, அந்த 1 வோல்ட்டுல ஒரு பங்க ரம்பம் தின்னுடும், அதனால முழு லோடு இழுக்கலைன்னா சென்ஸ் ரெசிஸ்டர கொஞ்சம் குறைக்க வேண்டி வரும்.

*

ஸ்கோப் பேச்சு வந்ததால ஒண்ணு. பூஸ்ட்டுல பார்த்த பழக்கத்துல லைன் சப்ளையோட பிரைமரி பக்கம் ஸ்கோப் கிரவுண்டு கிளிப்ப மாட்டிடாதீங்க. நான் மாட்டினேன். கிளிப் பாதி இல்ல, வீட்டு பிரேக்கர் இறங்கிடுச்சு, பிரிட்ஜ் நாலா பொளந்துச்சு. அந்த கிரவுண்டு எர்த் கிடையாது. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம இப்ப கை வைக்கிறதில்ல, முதல் தடவை ஆன் பண்ணும்போது கரண்ட கட்டுப்படுத்த சீரிஸ்ல ஒரு பல்பும் உண்டு.

*

நான் தான், பல்லி வளர்த்தவன். மேல சொன்ன பிரெட்போர்டு டெஸ்ட்ட படிச்சதும் குப்பை டப்பாவுல போட்ட ஏழையும் தேடி எடுத்தேன், நல்லவேளை வெளிய கொட்டல. கால் வளைஞ்சதை நிமித்தி ஒவ்வொண்ணா விசாரிச்சேன். அஞ்சு அட்டகாசமா இருக்கு, 16ல எழுந்து 10ல தூங்குது, 6ம் பின்ல 14 சொச்சம். ஆறாவது நிஜமாவே செத்தது, 8ம் பின்ல எதுவுமே இல்ல, ஒருவேளை நான் தான் சால்டர் பண்ணும்போது கொன்னிருப்பேன். ஏழாவது, முதுகுல பளிச்சுன்னு 3842ன்னு போட்டிருக்கு, சப்ளைய ஏத்திட்டே போறேன், 8.4ல 5 வோல்ட் வந்து நிக்குது. பூஸ்ட் பண்ற நண்பரே, உங்களுக்கு ஒரு 3843 ஸ்பேர் வேணும்னா சொல்லுங்க.