மாம்பழ வேப் லிக்விட்: 70/30 கலந்தும் சுவை மந்தம், தொண்டை கரகரப்பு, சூடாக்கும் காயிலில் கருகல்

மாங்கொட்டை:

வணக்கம். இங்கிலாந்தில் 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லி வேப் (இ-சிகரெட்) லிக்விடுக்கு 2.20 பவுண்டு வரி. நிகோடின் இல்லாததுக்கும் அதே வரிதான். அதனால வீட்டிலேயே கலக்கலாம்னு இறங்கியிருக்கேன்.

வேண்டியது: 100 மில்லி, 70 விஜி (வெஜிடபிள் கிளிசரின்) / 30 பிஜி (புரொப்பிலீன் கிளைக்கால்), மில்லிக்கு 3 மி.கி. நிகோடின்.

கலந்தது: விஜி 70 மில்லி, பிஜி 30 மில்லி. அதுக்கு மேல ஃப்ளேவர்: மாம்பழம் 8 மில்லி, கஸ்டர்ட் 5, எத்தில் மால்ட்டால் (இனிப்பு வாசனைப் பொருள்) கரைசல் 2, சுக்ரலோஸ் ஸ்வீட்னர் 2, டபிள்யூஎஸ்-23 குளிர்ச்சி (30% கரைசல்) 3. கடைசியா மில்லிக்கு 18 மி.கி. நிக் ஷாட் (நிகோடின் கரைசல்), 10 மில்லி பாட்டில் ரெண்டு. அதுவும் 70/30 தான். எல்லாம் சிரிஞ்சால அளந்தது.

பாட்டிலைத் திறந்தா மாம்பழ வாசனை தூக்குது. இழுத்தா வெறும் இனிப்பும் ஜில்லுன்னு ஒரு குளிர்ச்சியும்தான். தொண்டை கரகரங்குது. சின்ன பாட் கிட் (வேப் கருவி), 1.0 ஓம் காயில் (பஞ்சில ஊறின லிக்விடைச் சூடாக்கும் கம்பிச்சுருள்). ரெண்டே நாள்ல கருகல் வாடை.

ரெண்டு கேள்வி. மாம்பழத்தை இன்னும் கூட்டணுமா? தமிழ்க் கடையில கேக்குக்கு விக்கிற மாம்பழ எசன்ஸ், ஏலக்காய் எசன்ஸ் மலிவா கிடைக்குது, அதைச் சேர்க்கலாமா?

தராசுமுள்:

கூட்ட வேண்டாம், குறைங்க. அதுக்கு முன்னாடி கணக்கைச் சரி பண்ணணும். 100 மில்லி அடிப்படை ஊத்தி, அதுக்கு மேல 20 மில்லி ஃப்ளேவர், 20 மில்லி நிக் ஷாட். மொத்தம் 140 மில்லி ஆகுது. அதில் விஜி 70 + நிக் ஷாட்டில் இருக்கிற 14 = 84 மில்லி, அதாவது 60%. பிஜி 30 + 6 + ஃப்ளேவர் கரைஞ்சிருக்கிற 20 = 56 மில்லி, 40%. நிகோடின் 360 மி.கி.யை 140-ஆல் வகுத்தா 2.57. ஆக உங்க கையில இருக்கிறது 60/40, 2.6 மி.கி. லிக்விட். ஃப்ளேவரும் நிக் ஷாட்டும் அந்த 100 மில்லிக்குள்ள அடங்கணும், மேல சேரக்கூடாது.

கரகரப்புக்கு நிகோடின் காரணமில்லை, அது குறைஞ்சுதான் இருக்கு. பிஜி கூடினதும் டபிள்யூஎஸ்-23 2.1% போனதும்தான் காரணம். 30% கரைசல்னா 0.5% போதும், குளிர்ச்சி பிடிச்சவங்களுக்கு 1%. அதுக்கு மேல போனா நாக்கு மரத்து மாம்பழம் தெரியாது. ஸ்வீட்னர் 1.4% இருக்கு, 0.5% தாண்ட வேண்டியதில்லை. சாம்பார்ல வெல்லம் கூடினா புளி எங்கேன்னு தேடுற மாதிரிதான் ஆகும். எத்தில் மால்ட்டால் கூர்மையான முனைகளை மழுக்குற சரக்கு. மாம்பழத்துக்கு அந்தக் கூர்மைதான் உயிர். அதை எடுத்துடுங்க.

என் பரிந்துரை: மாம்பழம் 5%, கஸ்டர்ட் 2%, ஸ்வீட்னர் 0.5%, குளிர்ச்சி 0.5%. மொத்தம் 8%.

சிரிஞ்சை விட்டுட்டு 0.01 கிராம் காட்டுற தராசு வாங்குங்க. விஜி கெட்டியானது, சிரிஞ்ச் சுவரில ஒட்டிக்கும், குமிழி ஏறும், ஒவ்வொரு முறையும் அளவு மாறும். எடையில அந்தத் தொல்லை இல்லை. விஜி ஒரு மில்லி 1.26 கிராம், பிஜி 1.036 கிராம். 70/30 நிக் ஷாட் ஏறத்தாழ 1.19. ஃப்ளேவர் ஒவ்வொண்ணும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், 1.0-ன்னு வெச்சா போதும்.

100 மில்லிக்கு:
ஃப்ளேவர் எல்லாம் சேர்த்து 8.00 கிராம்
நிக் ஷாட் 16.67 மில்லி = 19.88 கிராம்
பிஜி 17.00 மில்லி = 17.61 கிராம்
விஜி 58.33 மில்லி = 73.50 கிராம்

120 மில்லி பாட்டிலா எடுங்க, குலுக்க இடம் வேணும். பாட்டிலைத் தராசில வெச்சு பூஜ்யமாக்கி ஒவ்வொண்ணா ஊத்துங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல திரும்பப் பூஜ்யம். ஃப்ளேவர்தான் முதல்ல. ரெண்டு துளி கூடிப்போனா பாட்டிலைக் கழுவித் திரும்பத் தொடங்கலாம், போறது சொற்பம். விஜி ஊத்தின பிறகு கூடினா 100 மில்லியும் வீண். மெதுவா ஊத்துறப்போ சில தராசு தானா அணைஞ்சுடும், அணையாத வகையா பார்த்து வாங்குங்க.

பனங்கீற்று:

தம்பி, தராசுமுள் சொன்ன கணக்கு சரி. ஆனா உங்கட கிட்டுக்கு 70/30 ஏலாது. 1.0 ஓம் காயிலில பஞ்சுக்குப் போற துளை சின்னது. கெட்டியான விஜி அதுக்குள்ளால வேகமாப் போகாது. நீங்கள் இழுக்க இழுக்கப் பஞ்சு காய்ஞ்சு கருகும். 60/40 ஆனபடியாத்தான் ரெண்டு நாளாவது தாங்கியிருக்கு. சரியான 70/30-ஐ அதுக்குள்ள விட்டா இன்னும் கெதியாக் கருகும்.

50/50 போடுங்கோ. அதே நிக் ஷாட், அதே 8% ஃப்ளேவர் எண்டா பிஜி 37.00 மில்லி, அதாவது 38.33 கிராம். விஜி 38.33 மில்லி, 48.30 கிராம். மற்றதெல்லாம் அப்படியே.

கருகலுக்கு இன்னொரு பாதிக் காரணம் சுக்ரலோஸ். அது ஆவியாகாது, கம்பியில தங்கிக் கறுத்துப் போகும். பழைய காயிலைப் பிரிச்சுப் பாருங்கோ. பஞ்சு உள்ளுக்கு வெள்ளையா இருந்து கம்பியில மட்டும் கறுப்புப் பொருக்கு எண்டா ஸ்வீட்னர்தான். பஞ்சே பழுப்பாகி, ஓரம் காய்ஞ்சு எரிஞ்சிருந்தா லிக்விட் போய்ச் சேரேல்லை. இது ரெண்டும் வேற வேற வருத்தம், வைத்தியமும் வேற.

புதுக் காயிலைப் போட்டு நிரப்பினாப் பிறகு ஒரு 10 நிமிஷம் சும்மா விடுங்கோ, பஞ்சு முழுசா நனையட்டும்.

கண்ணாடிக்குடுவை:

எசன்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சேர்க்கக் கூடாது. ஒரு துளிகூட வேண்டாம்.

சமையல் எசன்ஸில் எண்ணெய், சர்க்கரை, செயற்கை நிறம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம். வயிறு எண்ணெயைச் செரிக்கும், நுரையீரலால் முடியாது. அங்கே தங்கிய எண்ணெய் அழற்சியாகி லிப்பாய்ட் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஏலக்காய், பட்டை, ஆரஞ்சு என்று விற்கும் சிறு புட்டிகள் பலவும் எண்ணெய்ச் சாறுகளே. "தண்ணீரில் கரைகிறதே" என்று சிலர் கேட்பார்கள். கரைந்தாலும் நிறமும் சர்க்கரையும் காயிலில் எரியும். உணவுக்குப் பாதுகாப்பு என்ற சான்று விழுங்குவதற்குத்தான், இழுப்பதற்கு அல்ல.

2019-ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பை நினைவில் வையுங்கள். 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் கணக்கில் வந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து அடைத்த கேட்ரிட்ஜ்கள். அதில் கெட்டிக்காகக் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அதுவும் எண்ணெய்த் தன்மை கொண்ட பொருள்தான், மாத்திரையாக விழுங்கினால் தீங்கில்லை.

உங்கள் கஸ்டர்டையும் கவனியுங்கள். வெண்ணெய், கஸ்டர்ட், க்ரீம் வகைகளில் டைஅசிட்டைல், அசிட்டைல் புரோப்பியோனைல், அசிட்டோயின் இருக்கக்கூடும். 2000-ல் மிசௌரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரலின் நுண்குழல்கள் அடைபட்ட நோய் வெளிச்சத்துக்கு வந்தது. அவர்கள் சுவாசித்தது வெண்ணெய் ஃப்ளேவரின் ஆவி, அதில் டைஅசிட்டைல். தயாரிப்பாளரின் தகவல் தாளில் இந்த மூன்று பெயர்களும் இல்லை என்று பார்த்த பிறகே வாங்குங்கள். அசிட்டோயின் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் விடுங்கள், நாளாக ஆக அது டைஅசிட்டைலாக மாறக்கூடியது. தகவல் தாளே தராத ஃப்ளேவர் எனக்கு ஃப்ளேவரே இல்லை.

பிஜி, விஜி இரண்டும் மருந்துத் தரத்தில் இருக்க வேண்டும், பி.பி. அல்லது யு.எஸ்.பி. என்று அச்சிட்டிருக்கும். இதில் மலிவு பார்க்கவே கூடாது. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்களே, தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் அந்த மருந்தில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. தரமில்லாத பிஜி வழியாக நுழையும் நஞ்சு அது. நிறம், மணம், சுவை எதை வைத்தும் வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

நிக் ஷாட்டைத் திறக்கும்போது நைட்ரைல் கையுறை. தோலில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். 10 மில்லி புட்டியில் 180 மி.கி. நிகோடின் இருக்கிறது, சிறு பிள்ளை குடித்தால் உயிருக்கே ஆபத்து. மாம்பழ வாசனை அடிக்கும் மஞ்சள் திரவம் பிள்ளைகளுக்கு ஜூஸ்தான். பிள்ளை திறக்க முடியாத மூடி, பூட்டிய அலமாரி இரண்டும் வேண்டும். குடித்துவிட்டால் காத்திருக்காமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாம் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். பெட்டியில் எடுத்துச் செல்ல வேண்டாம்.

மாங்கொட்டை:

எசன்ஸ் பேச்சே இனி இல்லை. கஸ்டர்டோட தகவல் தாளைக் கேட்டு எழுதியிருக்கேன். கிட் விவரம் சொன்னதுக்கு நன்றி அண்ணா, 50/50-க்கே போறேன். நேரா 100 மில்லி கலக்காம 10 மில்லி சோதனை பண்ணிப் பார்க்கலாமா? அதில ஸ்வீட்னர் 0.05 கிராம்தான் வருது, தராசுல அது நிக்குமா? எத்தனை நாள் ஊறணும்?

தராசுமுள்:

10 மில்லிதான் சரி. 0.05 கிராமை நேரா அளக்காதீங்க, ஒரு துளி கூடினாலே அளவு எங்கேயோ போயிடும். ஸ்வீட்னர் 1 கிராம், பிஜி 9 கிராம் சேர்த்துத் தனிப் புட்டியில கலந்து வெச்சுக்குங்க. அதில 0.5 கிராம் எடுத்தா வேண்டிய 0.05 வந்துடும். குளிர்ச்சிக்கும் இதே மாதிரி ஒரு புட்டி. அந்தக் கரைசல்கள்ல இருக்கிற பிஜியை மொத்த பிஜியில இருந்து கழிச்சுக்கணும், ரெண்டுக்கும் சேர்த்து 0.9 கிராம்.

மூணு புட்டி போடுங்க: மாம்பழம் 4%, 5%, 6%. மத்தது எல்லாம் ஒரே அளவு, நிகோடின் சேர்க்க வேண்டாம். நிகோடினே இல்லாம தொண்டை கரகரத்தா குற்றவாளி ஃப்ளேவரோ பிஜியோன்னு அப்பவே தெரிஞ்சுடும். தகவல் தாள் வர்ற வரைக்கும் கஸ்டர்டை விட்டுட்டு மாம்பழத்தை மட்டும் பாருங்க.

மாம்பழம் மட்டும்னா 3 நாள் போதும். கஸ்டர்ட் சேர்த்தா 3 வாரம் விடணும், அதுக்கு முன்னாடி ஒரு முரட்டு வாடை நிக்கும். மூடியைத் திறந்து வெச்சு ஊற வைக்கச் சொல்றதைக் கேக்காதீங்க. பழத்தோட மேல்வாசனைதான் முதல்ல பறக்கும். நிகோடின் காற்றுபட்டுப் பழுப்பாகிக் காரம் ஏறும். இருட்டான அலமாரியில மூடி வைங்க. குளிர்காலத்துல விஜி ஊத்தவே வராது, புட்டியை வெதுவெதுப்பான தண்ணியில 10 நிமிஷம் நிறுத்திட்டு அப்புறம் ஊத்துங்க.

ஒவ்வொரு புட்டியிலும் தேதி, ஒவ்வொரு ஃப்ளேவரோட சதவீதம், பிஜி/விஜி, நிகோடின் அளவு எழுதி ஒட்டுங்க. நிகோடின் 0 என்றாலும் 0-ன்னு எழுதணும்.