கண்ணி வைக்க ஆளை விட்டேன், என் மேல் தப்பு உண்டா?

கம்பங்காட்டான்:
கம்பில் பால் பிடிக்கிற நேரம். விடிந்ததும் சில்லைக் குருவிகள் கூட்டமாக இறங்கிக் கதிரை உருவிவிடுகின்றன. போன வாரம் ஒருவர் மற்ற கௌதாரிகளைக் கூவி அழைக்கப் பழக்கின கௌதாரியைக் கூண்டில் கொண்டுவந்து, "வரப்போரம் நாலு கண்ணி வைத்துக்கொள்கிறேன், குருவிக்கு வலையும் கட்டித் தருகிறேன்" என்றார். சரி என்றுவிட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் கண்ணியில் கௌதாரி இல்லை, ஆட்காட்டி. நைலான் நரம்பு காலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. ஆள் நிழல் பட்டாலே ஊரைக் கூட்டுகிற பறவை, சத்தமே போடாமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வலையில் ஒரு கூகை தலைகீழாகச் செத்துத் தொங்கியது. சில்லை மூன்றோ நாலோதான்.

நிலம் என்னுது, கண்ணி வைத்தது நான் இல்லை. கேஸ் வருமா? அதை விடுங்கள், நான் செய்தது சரியா?

கறுப்புக்கோட்டு:
வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, வலையில் பிடிப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயற்சி செய்வது, கூட்டையும் முட்டையையும் கலைப்பது எல்லாமே வேட்டைதான். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அதில் மேய்கிற காட்டுப் பறவை உங்களுடையது ஆகாது. 52ஆம் பிரிவில் உடந்தையும் குற்றம்; தெரிந்தே இடம் கொடுத்தது அதில் மாட்டும்.

பயிர் சேதத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் (பாதுகாப்புப் பட்டியலில்) உள்ள பறவை விளைபயிரை அழித்தால் 11ஆம் பிரிவின்படி வனத்துறையிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்கலாம். மயில் முதல் அட்டவணை, பயிரைக் காரணம் காட்டி அதைத் தொட முடியாது.

மேழி:
வக்கீல் சார், பால் கதிர் கருக்கலில் தொடங்கி ஒரு வாரத்தில் காலி. அனுமதித்தாள் கைக்கு வரும்போது தட்டைதான் நிற்கும். பறவை பாவம் என்கிறவர்கள் யாரும் ஒரு போகம் இழந்தவர்கள் இல்லை. ஆனால் தம்பி, கௌதாரிக் கண்ணி உங்கள் கம்புக்காக வைத்தது இல்லை, அந்த ஆளின் வியாபாரத்துக்கு. உங்கள் குருவியைக் காட்டி அவர் உள்ளே வந்துவிட்டார்.

வரப்புநண்டு:
கூகை போனது உங்களுக்குத்தான் நஷ்டம், இனி எலியை யார் பிடிப்பது?

தொளதொள வலையை முதலில் அவிழுங்கள். மாட்டுவதே அந்தத் தொங்கல் மடிப்பில்தான். கட்டியே ஆகவேண்டுமென்றால் சின்னக் கண் வலையைக் குச்சி நட்டு, கதிருக்கு மேலே விறைப்பாக இழுத்துக் கட்டி, காலை மாலை சுற்றிப் பாருங்கள். மினுக்கு நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் விர்ரென்று அதிரும். பால் பிடிக்கும் முன்னே கட்டிவிடாதீர்கள், குருவிக்குப் பழகிப்போய் அதன் மேலேயே உட்காரும் (எனக்கு நடந்தது).

கம்பங்காட்டான்:
மேழி அண்ணா சொன்னது சுருக்கென்றது. ஆட்காட்டியைத் துண்டால் மூடி, நகவெட்டியால் நரம்பை நறுக்கி விட்டேன். நொண்டிக்கொண்டே வாய்க்கால் பக்கம் ஓடியது, பறக்கவில்லை. அந்த ஆளுக்கு போன் போட்டு வரவேண்டாம் என்றேன். "கண்ணிக்கு யார் காசு தருவது?" என்று கேட்டார். நாலு கண்ணி என்றார், ஏழு எடுத்திருக்கிறேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.