ஓடுகிற பெண்ணுக்குக் கடல் நீச்சல் சரிப்படுமா?

செம்பூர் அப்பா:
மகளுக்கு 14 வயது. 1500, 3000 மீட்டர் ஓடுகிறாள். வாரம் ஐந்து நாள் பயிற்சி, ஞாயிறு சிமெண்ட் ரோட்டில் நீண்ட ஓட்டம். ஜூன் கடைசியிலிருந்து இரண்டு காலிலும் ஷின் (முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு) வலி. கோச் "ரெண்டு நாள் ஓட்டத்துக்குப் பதிலா நீந்தட்டும்" என்றார். இவளோ மும்பை ஜுஹூவில் கடலில் நீந்தும் குழுவோடு போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். குளத்தில் அரைமணி நேரம் நிற்காமல் நீந்துவாள். வீட்டில் அம்மாவுக்குக் கடல் என்றாலே ஆகாது. இந்த ஆகஸ்டிலேயே தொடங்கலாமா? ஓட்டத்துக்கு இதனால் பயன் உண்டா?

சயான் பத்து கிலோமீட்டர்:
நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் 1994-ல் ஒரே வருடத்தில் ஆறு கடல் கால்வாய்களை நீந்திக் கடந்தபோது பள்ளிக்கூடப் பையன்தானே? தாராளமா அனுப்புங்க சார்.

மாட்டுங்கா மாமி:
அந்தப் பையன் கூடவே படகு வந்தது. அதையும் சொல்லுங்கோ.

செம்பூர் சார், முதலில் அவள் ஷின் எலும்பை ஒரு விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் அவ்வளவு பதற வேண்டாம். ஒரே புள்ளியில் சுரீர் என்றாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ டாக்டரிடம் போங்கள், நீச்சல் பேச்செல்லாம் அப்புறம். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஓடுகிற பெண்களின் எலும்பு பலவீனமாவது பாதி அங்கேதான். எனக்கு 19 வயதில் விரிசல் விட்டதும் அப்படித்தான், அப்போது யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் கடல் வேண்டவே வேண்டாம். அலை ஒரு பக்கம், நாலாக்களின் சாக்கடைத் தண்ணீர் ஒரு பக்கம். அதோடு நீல பலூன் மாதிரி மிதந்து வரும் சொறி, ஜெல்லிமீன் போலக் கொட்டும். கிர்காவ் சௌபாட்டியில் முழங்கால் ஆழத்தில்தான் நின்றேன். கணுக்காலில் சூடான கம்பியைச் சுற்றியது போல இருந்தது, தழும்பு மறைய மூன்று வாரம்.

பயன் உண்டா என்றால், உண்டு. காலைத் தரையில் அடிக்காமலே இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கிடைக்கும். ஆனால் எலும்பும் தசைநாரும் தரையில் இறங்கும் அடியால்தான் உறுதிப்படும், தண்ணீர் அதைத் தராது. அதனால் ஓட்டத்தை முழுக்க நிறுத்திவிட்டு நீந்தினால், திரும்பி வந்ததும் மூச்சு தயாராக இருக்கும், கால் இருக்காது. அங்கேதான் மறுபடி அடிபடும். இடுப்பில் மிதவை பெல்ட் கட்டி ஆழமான குளத்தில் கால் தரை தொடாமல் ஓடுவது ஓட்டத்துக்கு இன்னும் நெருக்கம். பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், பரவாயில்லை. கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு தரையைவிடக் குறைவாகக் காட்டினால் சோம்பல் என்று நினைக்காதீர்கள், தண்ணீரில் அப்படித்தான்.

இன்னொன்று, ஓட்டக்காரர்களின் கணுக்கால் விறைப்பு. பலகையைப் பிடித்து உதைக்கச் சொல்லிப் பாருங்கள். நான் முதல் நாள் உதைக்க உதைக்கப் பின்பக்கமாகவே நகர்ந்தேன்!

கடலுக்கு நவம்பர் கழிந்து கூட்டிப் போங்கள். பர்த்தி (கடல் ஏற்றம்) எப்போது, ஓட்டி (வற்றம்) எப்போது என்று கோலி மீனவர்களிடம் கேளுங்கள். பளிச்சென்ற தொப்பி, பின்னால் மிதவை, பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர். பத்து கைவீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கித் திசை பார்ப்பதைக் குளத்திலேயே பழகட்டும், கடலில் தரையில் கோடு இருக்காது.

சயான் பத்து கிலோமீட்டர்:
சரி மாமி. அதுவரை பவாய் ஏரி?

மாட்டுங்கா மாமி:
முதலை இருக்கு. வேகமா நீந்துவாள், அவ்வளவுதான்.

செம்பூர் அப்பா:
அழுத்திப் பார்த்தேன், பரவலான வலிதான், புள்ளி இல்லை. இருந்தாலும் சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். நேற்று குளத்தில் பலகையோடு உதைத்தாள். பத்து நிமிடத்தில் பாதிக் குளம்தான் கடந்தாள். பக்கத்து லேனில் ஒரு ஏழு வயதுப் பையன் மூன்று முறை தாண்டிப் போனான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. இன்று காலை ஐந்தரைக்கு அவளே பையை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

மாட்டுங்கா மாமி:
பெல்ட் வாங்கிட்டேளா?