மேசை உயரம் 75 செ.மீ., தோள் வலி: கிளாம்ப் கீபோர்டு தட்டு தாங்குமா?

கோவையில் கணக்கு அலுவலகம், நாள் முழுக்க டேலி என்ட்ரி. 150 செ.மீ. உயரமுள்ள ஊழியருக்கு வலது தோள்பட்டை இறுக்கம், முழங்கையின் வெளிப்புறம் வலி. மார்ச்சில் மேசை மாற்றியதிலிருந்து இப்படி. மதியத்துக்கு மேல் கூடும், ஞாயிறு குறையும்.

மேசை 75 செ.மீ. உட்கார்ந்தால் அவர் முழங்கை 62 செ.மீ.தான், தோளைத் தூக்கித்தான் தட்ட முடிகிறது. நால்வரின் மேசைக்கும் ஒரே இரும்புச் சட்டம், மேசைக் காலை அறுக்க வழியில்லை.

நாற்காலியை ஏற்றி, காலுக்குப் பலகை வைத்ததில் கழுத்து தேவலை. ஆனால் நாற்காலியின் கைப்பிடி மேசையில் இடிப்பதால் தள்ளி உட்கார்ந்து கையை நீட்டுகிறார். நம்பர் பேட் இல்லாத கீபோர்டால் மவுஸ் பக்கத்தில் வந்தது, ஆனால் கணக்கு வேலைக்கு அது கதைக்காகாது. பிசியோ பயிற்சியும் நடக்கிறது.

மேசைக்கு அடியில் இழுவைத் தட்டு பொருத்த முடியாது. விளிம்பிலிருந்து 6 செ.மீ.யில் குறுக்குச் சட்டம். கிளாம்ப் (விளிம்பில் திருகி இறுக்கும் பிடி) போட்டுத் தொங்கும் கீபோர்டு தட்டு, 25 மி.மீ. மேசைப் பலகையில் அந்த 6 செ.மீ. பிடிமானத்தில் ஆடாமல் நிற்குமா?