கருவாடு ஏன் கரண்ட் பில் கட்டணும்? பொதுச்செலவைப் பிரிப்பதில் சந்தேகம்

தொண்டிக்காரன்:
தொண்டி பக்கம் சின்ன அளவில் நண்டு, கணவாய், கருவாடு மூன்றும் செய்கிறோம். கொள்முதலும் ஆள்கூலியும் எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று தெரியும், பொதுச்செலவில்தான் சிக்கல். மாதம் 1,20,000: கரண்ட் 48,000, வேன் 30,000, ஷெட் வாடகை 25,000, கணக்குப்பிள்ளை சம்பளம் 17,000. நண்டு 2 டன், கணவாய் 3, கருவாடு 5 என்பதால் மொத்தத்தை 10 டன்னால் வகுத்து கிலோவுக்கு 12 ரூபாய் போடுகிறோம். கொள்முதலும் கூலியும் போக கருவாட்டில் கிலோவுக்கு 9 ரூபாய்தான் நிற்கும். ஆக 3 ரூபாய் நஷ்டம், நிறுத்திவிடு என்கிறார் அப்பா. சரிதானா?

பில்புக்:
தம்பி, எடையை வைத்துப் பிரித்தால் இப்படித்தான் வரும். வெயிலில் காய்கிற கருவாடு எதற்கு ஃப்ரீசர் கரண்ட்டில் பாதி கட்டணும்? செலவை எந்த வேலை இழுக்கிறது என்று பாருங்கள். 1980களின் கடைசியில் கூப்பர், கேப்லன் என்ற கணக்கியல் பேராசிரியர்கள் எழுதிப் பிரபலமான ஏபிசி (வேலையை வைத்துச் செலவைப் பிரிக்கும்) முறை இதுதான், பெரிய கம்பெனிக்கு மட்டும் என்று இல்லை.

கரண்ட்டுக்கு கிலோவோடு எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பதையும் பெருக்குங்கள். கணவாய் லோடு சேரும்வரை கிடக்கும், நண்டு வேகவைத்த அன்றே கிளம்பிவிடும். கணவாய் 5 நாள், நண்டு அரை நாள் என்றால் 15,000-க்கு 1,000 என்ற விகிதம். கணவாய்க்கு 45,000, நண்டுக்கு 3,000, கருவாட்டுக்கு ஒன்றுமில்லை. வேனை டிரிப் கணக்கிலும், வாடகையை அடைத்த இடத்தை வைத்தும், கணக்குப்பிள்ளையை பில் எழுதும் நேரத்தை வைத்தும் பிரியுங்கள். வல்லம் (சின்னப் படகு) வல்லமாக நண்டு எடுத்து ஆளாளுக்குத் தனி பில் போடுகிறீர்கள் என்றால் அவர் நேரத்தில் பெரும்பகுதி நண்டுக்குத்தான்.

தொண்டிக்காரன்:
அண்ணே, போட்டுப் பார்த்தேன். மாதம் 30 டிரிப், நண்டு 20, கணவாய் 6, கருவாடு 4. கணக்குப்பிள்ளை நண்டுக்கு 11,000, கணவாய்க்கு 4,000, கருவாட்டுக்கு 2,000. வாடகையில் கருவாடு காயும் களமும் கிட்டங்கியும் (குடோன்) பாதி, அது கருவாட்டுக்கு 12,500. கணவாய் 7,500, நண்டு 5,000. கடைசியில் கிலோவுக்கு கருவாடு 3.70, நண்டு 19.50, கணவாய் 20.83. கருவாட்டில் 5.30 லாபம் நிற்கிறது! கணவாயைத்தான் இத்தனை நாளாக மலிவாகக் கொடுத்திருக்கிறோம் போல.

மண்டபம் ஐஸ்:
நண்டு பக்கத்தில் மண்டபம் போவதும் கணவாய் தூரத்தில் தூத்துக்குடி போவதும் ஒரே டிரிப்பா? வேனுக்குக் கிலோமீட்டர் எடுங்கள், நண்டின் பாரம் இன்னும் குறையும்.

ஆனால் நிறுத்துவதா வேண்டாமா என்பதற்கு இந்தப் பங்கே தேவையில்லை. கருவாட்டை நிறுத்தினால் வாடகை குறையுமா, கணக்குப்பிள்ளை சம்பளத்தைக் குறைப்பீர்களா? 5 டன்னுக்கு 9 ரூபாய், மாதம் 45,000 கையைவிட்டுப் போகும், மிச்சமாவது அந்த 4 டிரிப் டீசல்தான். களத்தை வேறு ஆளுக்கு நல்ல வாடகைக்கு விட முடியும் என்றால் அப்போது பேசலாம். அப்பாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள், ஏபிசி எல்லாம் சொன்னால் எழுந்து போய்விடுவார் :)

தொண்டிக்காரன்:
சரி அண்ணே. மீன்பிடித் தடைக்காலத்துக்கு என்ன செய்வது? விசைப்படகு போகாது, ஃப்ரீசர் பாதி காலி, வாடகை மட்டும் நிற்காது.

பில்புக்:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வருஷா வருஷம் வருவதுதானே. அந்த வாடகையை அந்த மாதம் வந்த நாலு பெட்டிக் கணவாய் தலையில் கட்டாதீர்கள், வருஷ வாடகையை வருஷ சரக்கால் வகுங்கள். சரக்கு மதிப்புக்கான கணக்கியல் தரம் ‘ஏஎஸ் 2’ கூட, பருவத்தையும் சேர்த்த சராசரி உற்பத்தியை வைத்துத்தான் நிலையான உற்பத்திச் செலவைப் பிரிக்கச் சொல்கிறது. கம்ப்ரஸர் பழுதாகி சும்மா கிடந்த நாட்கள் வேறு கதை. அதைச் சரக்கின் மேல் ஏற்றாமல் நேராக அந்த வருஷச் செலவில் எழுதணும்.

அப்புறம் ஒன்று. இந்த 3.70, 20.83 எல்லாம் விலை பேச. மார்ச் 31 அன்று கிட்டங்கியில் கிடக்கும் கருவாட்டுக்கு மதிப்புப் போடும்போது விற்பனைக்குக் கொண்டுபோகும் வேன் செலவைச் சேர்க்கக் கூடாது. ஆடிட்டருக்கு அந்த மதிப்பைத் தனித் தாளில் கொடுங்கள்.