சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டிக் காப்பீடு எடுப்பது சிக்கனமா?

கிடங்குக்காரர்:
கிடங்கிலுள்ள சரக்கு முழுவதும் ஒரே தீயில் அழிவது அரிது. ஆகவே 100 பங்கு மதிப்புள்ள சரக்கை 60 பங்குக்கு மட்டும் காப்பீடு செய்து, மிச்சமாகும் பிரீமியத்தைச் சொந்தச் சேமநிதியில் போட்டுவைப்பதே மேல். நிறுவனம் வாங்கும் பிரீமியத்தில் முகவர் கமிஷனும் அலுவலகச் செலவும் போகத்தான் இழப்பீட்டுக்கு மிஞ்சுகிறது.

பேரேடு:
கமிஷன் கணக்கு சரிதான்; ஆனால் உங்கள் யோசனை கிளைம் நேரத்தில் காலை வாரிவிடும். தீக் காப்பீட்டு பாலிசிகளில் பெரும்பாலும் சராசரி விதி என்றொரு நிபந்தனை இருக்கும்: மொத்த மதிப்பில் எந்த விகிதத்துக்குக் காப்பீடு எடுத்தீர்களோ, இழப்பிலும் அந்த விகிதமே கிடைக்கும். 30 பங்கு சரக்கு எரிந்ததாக வைத்துக்கொள்வோம். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் எரிந்ததை மட்டும் பார்ப்பதில்லை. கொள்முதல் பில்களையும் இருப்புப் பதிவேட்டையும் வாங்கி, விபத்துக்கு முன் மொத்தம் எவ்வளவு இருந்தது என்றும் கணக்கிடுவார். 100க்கு 60 என்ற விகிதத்தில் உங்களுக்கு 18 பங்குதான் கிடைக்கும். பகுதி இழப்புகளே அதிகம் என்பது நிறுவனத்துக்கும் தெரியும். பிரீமிய விகிதமே அதை வைத்துத்தான் போடப்படுகிறது.

சிக்கனம்தான் நோக்கமென்றால், முழு மதிப்புக்குக் காப்பீடு எடுத்து, ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்கும் தொகையை உயர்த்திக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனங்களும் இப்படித்தான் தாங்கக்கூடியதைத் தாமே ஏற்று, தாங்க முடியாததை மறுகாப்பீட்டாளரிடம், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருபவரிடம், தள்ளுகின்றன. 1861இல் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரம் எரிந்தபோது அங்கிருந்த காப்பு போதாமற்போனதே, 1863இல் சுவிஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் தொடங்கப்படத் தூண்டுதலாயிற்று.

வாடகைதாரர்:
இருவரும் சரக்கையே பேசுகிறீர்கள். தீக்குப் பின் தொழில் முடங்கிக் கிடக்கும் மாதங்களில் சம்பளமும் கடன் தவணையும் நிற்காது. அதற்கான தொழில் இடையூறுக் காப்பீட்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

கிடங்குக்காரர்:
அது வேறு பாலிசி, இங்கே வேண்டாம். பேரேடு அவர்களே, முழு மதிப்பு என்கிறீர்கள், எந்த நாளின் மதிப்பு? பருவத்தில் நிரம்பும் கிடங்கு மற்ற மாதங்களில் பாதி காலியாகக் கிடக்கிறது. உச்சத்துக்கு எடுத்தால் வெறுஞ்சுவருக்கும் சேர்த்தல்லவா பிரீமியம் கட்ட வேண்டும்?

பேரேடு:
நியாயமான கேள்வி. அறிவிப்பு பாலிசி இதற்காகவே உள்ளது. உச்ச மதிப்புக்கு எடுத்து, மாதந்தோறும் இருப்பை எழுதி அனுப்பினால், ஆண்டு முடிவில் சராசரி இருப்பைக் கணக்கிட்டு, குறிப்பிட்ட வரம்புக்குள் உபரிப் பிரீமியத்தைத் திருப்பித் தருவார்கள். ஒரு மாதம் அனுப்பத் தவறினால், பொதுவாக அம்மாதத்துக்கு உச்சத் தொகையையே இருப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

கிடங்குக்காரர்:
மாதாமாதம் இருப்பெடுக்க ஆள் வைக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகே, உங்கள் வழி மலிவா என்று சொல்ல முடியும்.